வாராவாரம் பிறந்தநாள்

ஜூன் 7, சனி

ரூபிணி என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள், அழுதாளா என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் கிருபாவதி மேடம். குழந்தைகள் இல்லத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கும் சமூகப் பணியாளர் அவர்தான். அதை அவர் படிப்பார் என்பதால், 'நன்றாக இருக்கிறாள்' என்று எழுதிக்கொண்டு வருகிறேன். இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை. இதிலாவது உள்ளதை எழுதலாம்.

உள்ளது என்னவென்றால், இல்லத்திலிருந்து பிள்ளை வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது, எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முந்தாநாள் பாகற்காயைக் கருக்கிவிட்டேன். நானே குப்பையில் போடலாம் என்றிருந்தேன். அவள் ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டு, "நல்லா இருக்குங்கம்மா" என்றாள். உப்புப் போட மறந்த ரசம், நல்லா இருக்குங்கம்மா. என் வீட்டுக்காரர் வாங்கிவந்த, ஒரு சைஸ் பெரிய செருப்பு, நல்லா இருக்குங்க சார்.

ஆமாம், அவரைச் 'சார்' என்கிறாள். இல்லத்துக்கு வருகிற ஆண்கள் எல்லாரும் சார். மோட்டார் காயில் கட்டிக் கட்டிக் கை கறுத்துப்போன மனுஷனை இந்த ஈரோட்டில் இதுவரை ஒருத்தரும் சார் என்றதில்லை. முதல் நாள் சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை.

நான் 'அம்மா'. அதைக் கேட்டு நான் குளிர்ந்துபோனது ஒரு மணி நேரம்தான். இல்லத்தில் எல்லாப் பெண்களும் அம்மாவாம். சமையல் அம்மா, வார்டன் அம்மா, பெருக்குற அம்மா. என்னைப் பக்கத்து வீட்டு பாப்பாத்தி அக்காவிடம் 'தையல் அம்மா' என்று சொல்லியிருக்கிறாள். வாசலில் தையல் மெஷின் கிடக்கிறது, வேறு என்ன சொல்வாள்?

தத்து உத்தரவு வருவதற்கு முன்னால் ஒருநாள் அவளைத் தனியாக உட்காரவைத்து, இவர்களோடு இருக்க விருப்பமா என்று கேட்பார்களாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, ஏழு வயது முடிந்துவிட்டது, அதனால் கேட்டே ஆகவேண்டுமாம். இல்லை என்று சொல்லிவிட்டால் அதோடு சரி. எனக்கொன்றும் பயமில்லை.

இன்றைக்கு இரண்டு ஜாக்கெட்டுக்குக் கையை இடம் மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

இட்லி. நல்லா இருக்குங்கம்மா.

ஜூன் 10, செவ்வாய்

ஜடை பின்னும்போது பிடித்துக்கொண்டேன். என் முகம் தெரியாவிட்டால் பேசுகிறாள் என்பதைக் கண்டுபிடித்திருக்கிறேன். உனக்கு ரொம்பப் பிடித்தது எது, ஒன்று சொன்னால்தான் ரிப்பன் கட்டுவேன் என்றேன். எதுன்னாலும் சரிங்க என்றாள். ரிப்பனைக் கட்டாமல் நின்றேன். ஸ்கூல் வேனும் வந்து நின்றது. கடைசியில், "ஒருக்கா ஒரு சார் பொறந்தநாளைக்கு வாஃபிள் குடுத்தாங்க. கட்டம் கட்டமா இருந்துச்சு. மேல பழம் வெச்சிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

வாஃபிள். எனக்குத் தெரியாதா என்ன? கருங்கல்பாளையத்திலிருந்து அமெரிக்கா போன என் நாத்தனார் மகள் அந்த மெஷினைக் கொண்டுவந்து கொடுத்து நாலைந்து வருடம் இருக்கும். பரண்மேல் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. எங்கள் இரண்டு பேருக்கு எதற்கு என்று ஏற்றிவைத்தது.

ஜூன் 11, புதன்

பெட்டியை இறக்கி, தூசி தட்டி, பிளக்கில் சொருகப்போனேன். வீட்டுக்காரர் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"அது அமெரிக்காக்காரன் சாமானம் சுலோ. நூத்திப் பத்து வோல்ட்டு. நம்மூரு கரண்டுல போட்டீன்னா படார்னு போயிரும்."

அப்புறம் என்ன, மறுபடி பரண்தானா என்று கேட்டேன். எனக்குக் கோபம். யார்மேல் என்று தெரியவில்லை. அமெரிக்காமேல் என்றே வைத்துக்கொள்வோம். அவர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைக்குக் கொண்டுபோனார்.

ஜூன் 13, வெள்ளி

கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்கென்று ஒரு பூட்டுக்கூட ரிப்பேர் செய்து கொடுக்காத மனுஷன், ஊர் மோட்டாரையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மரே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஆட்டுக்கல் கனம். சமையல்கட்டில் தரையில் வைத்து, ஒரு ஒயரைச் சுவரிலும் இன்னொன்றை மெஷினிலும் மாட்டினார். உம்ம் என்று முனகியது. மெஷின் சூடேறியது.

ரூபிணி பள்ளிக்கூடம் போயிருந்தாள். சோதித்துப் பார்க்கலாம் என்று மைதா, முட்டை, பால், வெண்ணெய், சர்க்கரை, கொஞ்சம் பேக்கிங் பவுடர், ஒரு மாம்பழத்தின் சதை எல்லாம் போட்டுக் கரைத்தேன். கைப்பழக்கம் இருக்கிறதே, அது யாரை விட்டது? பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு, தோசைக்கல்லுக்குத் தேய்ப்பதுபோல் அந்தக் கட்டத்திலெல்லாம் அழுத்தித் தேய்த்துவிட்டேன். மாவை ஊற்றி மூடினேன். மூடியவள் சும்மா இருந்திருக்க வேண்டும். வெந்ததா என்று தூக்கிப் பார்த்தேன். பாதி மேல் தட்டோடும் பாதி கீழ் தட்டோடும் போய்விட்டது. நாடா கோக்கும் ஊசியை வைத்துத் துண்டு துண்டாகக் கிளறி எடுத்தேன்.

அவர் ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார்.

"மாம்பழ வெங்காயப் பஜ்ஜியாட்ட இருக்குது" என்றார்.

நல்ல வேளை, இன்றைக்கே செய்து பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் அவள் எழுவதற்குள் கரைத்து வைத்தேன். வெங்காயம் பக்கமே போகவில்லை, வெண்ணெய்தான். ஆவி அடங்குகிறவரை மூடியைத் தொடுவதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திறந்தால், பொன்னிறத்தில் கட்டம் கட்டமாக, முழுசாக வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் இந்த வயதில் வெட்கமாக இருக்கும். மேலே மாம்பழத் துண்டும் மாதுளை முத்தும் வைத்து, தேன் ஊற்றி, அவள் தட்டில் வைத்தேன். அவர் புதிதாகச் சவரம் செய்துகொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார், லுங்கி மட்டும் பழையதுதான்.

ரூபிணி வந்தாள், தட்டைப் பார்த்தாள். கண் பெரிதானது. கை வைக்கப்போகிறாள் என்று பார்த்தால், இரண்டடி பின்னால் போய் நேராக நின்றுகொண்டாள். கையைக் கூப்பிக்கொண்டாள்.

"யாருக்குங்கம்மா பொறந்தநாளு?"

எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. அவளே விளக்கினாள், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல். "பேரு சொன்னாத்தானுங்க சாமி கும்புட முடியும். கும்புட்டாத்தான் சாப்பிடலாம்."

இல்லத்தில் நல்ல சாப்பாடு என்றால் யாரோ ஒருவருடைய பிறந்தநாள் அல்லது திவசம். பணம் கட்டியவர் வந்து எதிரில் நிற்பார். பிள்ளைகள் வரிசையாக நின்று அவர் பேரைச் சொல்லிக் கும்பிட்ட பிறகுதான் இலையில் கை வைப்பார்கள். நாங்களே போயிருக்கிறோமே, எங்கள் கல்யாண நாளுக்கு இரண்டு தடவை. என் வீட்டுக்காரரை எதிரில் நிற்கவைத்து நான் போட்டோகூட எடுத்தேன்.

உனக்குத்தான் கண்ணு, சும்மாதான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் புகுந்தார். பிள்ளை கை கூப்பி நிற்பதைப் பார்க்க முடியவில்லை அவருக்கு, பதறிப்போய், "எனக்குத்தான் அம்மிணி. எனக்குத்தான் பொறந்தநாளு" என்று சொல்லிவிட்டார்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கண்ணை மூடிக்கொண்டு, "சாமி, இன்னிக்கு எங்களுக்குச் சாப்பாடு குடுத்த தங்கவேல் சார் நூறு வயசு நல்லா இருக்கணும். அவுங்க குடும்பம் நல்லா இருக்கணும்" என்று சத்தமாகச் சொன்னாள். கைதட்டிப் பாடினாள். பிறகு உட்கார்ந்து, "ஆளுக்கு எத்தனைங்கம்மா?" என்று கேட்டாள்.

எத்தனை வேண்டுமானாலும் என்றேன். ஒன்று தின்றுவிட்டு எழுந்துபோய்த் தட்டைக் கழுவிவைத்தாள்.

அவர் கொல்லைப்புறம் போய் ரொம்ப நேரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ராத்திரிதான் மழை பெய்திருந்தது.

ஜூன் 16, திங்கள்

மேடத்துக்கு எழுதியது: ஞாயிறு காலை வாஃபிள். விரும்பிச் சாப்பிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

இந்த வாரம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். பூவன் பழத்தை மசித்து மாவிலேயே கலந்தேன். வீடு முழுக்க அப்படி ஒரு மணம். பாப்பாத்தி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்ன விசேஷம் என்று கேட்டார்.

தட்டை வைத்தேன். அவள் நின்றாள், கையைக் கூப்பினாள். "இன்னிக்கு யாருக்குங்கம்மா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவர் அவர்தானே, போன வாரம் பொய் சொன்னவர் அவர்தானே? அவரானால் உத்தரத்தைப் பார்க்கிறார். என் வாயில் சனி உட்கார்ந்திருந்தான். "எனக்கு" என்றேன்.

தையல் அம்மா நூறு வயசு நல்லா இருக்கணும் என்று கும்பிட்டாள். என் வாழ்நாளில் எனக்காக யாரும் இப்படிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கும்பிட்டதில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் எரிச்சல்.

இன்றைக்கும் ஒன்றுதான் தின்றாள்.

ஜூன் 29, ஞாயிறு

சப்போட்டா. நேற்றே சபதம் எடுத்திருந்தேன், இன்றைக்குச் சொல்லியே தீருவேன் என்று. யாருக்குங்கம்மா என்று கேட்டாள். நான் மூச்சை இழுத்துப் பிடித்த நேரத்தில் பின்கதவு திறந்தது. மணம் பொறுக்காமல் பாப்பாத்தி அக்கா கிண்ணத்தோடு வந்து நின்றார். என் வீட்டுக்காரர் கடவுளைக் கண்டதுபோல் பார்த்தார்.

"நம்ம அக்காளுக்குத்தான் அம்மிணி" என்றார்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எனக்கா? நான் எந்த மாசத்துல பொறந்தேன்னு எங்காத்தாளுக்கே தெரியாது. கெணறு வெட்டுன வருசம்னு சொல்லுவா" என்றார். பிள்ளை அதற்குள் கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்துவிட்டது. பாப்பாத்தி அத்தை நூறு வயசு நல்லா இருக்கணும் என்றதும் அக்காவுக்கு முகமெல்லாம் பல். "இருந்தாலும் இருக்கும், யாரு கண்டா" என்று சொல்லி உட்கார்ந்து மூன்று வாஃபிள் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் கறிவேப்பிலை விற்கிறவருக்குப் பிறந்தநாள் கொண்டாட வேண்டியதுதான் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதை யோசிக்கிறார். அப்படிப்பட்ட ஆளோடு குடித்தனம் செய்கிறேன்.

ஜூலை 2, புதன்

கிருபாவதி மேடம் வந்தார். ரூபிணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எப்படி இருக்கே என்று கேட்டதற்கு, நல்லா இருக்குங்க மேடம் என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இந்த வீட்ல வாராவாரம் பொறந்தநாள் வருதுங்க மேடம். மொதல்ல சாருக்கு, அப்புறம் தையல் அம்மாவுக்கு, அப்புறம் பக்கத்து வீட்டு அத்தைக்கு."

மேடம் கையிலிருந்த ஃபைலைப் புரட்டினார். எங்கள் ஆதார் நகல் முதல் ரத்தச் சோதனை வரை அதில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பிறந்தது தை மாதம், நான் கார்த்திகை. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று கடையில் வேலை இருப்பது ஞாபகம் வந்து எழுந்தார். உக்காருங்க என்றார் மேடம்.

பிள்ளையை விளையாட அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"இந்தப் பிள்ளைங்க கிட்ட நெறையப் பேரு நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போயிருக்காங்க. நீங்க நல்ல மனசோட சொன்ன பொய்தான். ஆனா அவளாக் கண்டுபிடிச்சா, நீங்களும் அவங்கள்ல ஒருத்தர்தான். அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்க" என்றார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "பத்தாம் தேதி ஆபீசுக்குக் கூட்டிட்டு வாங்க. அன்னிக்கு அவகிட்ட கேப்பாங்க" என்றார்.

ஜூலை 3, வியாழன்

எனக்குப் பயமில்லை என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். பொய்.

ஜூலை 5, சனி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் மெஷினுக்குக் கீழே உட்கார்ந்து வெட்டுத் துணிகளைக் கலர் கலராகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று ஆரம்பித்தேன். அன்றைக்குச் சாருக்குப் பிறந்தநாள் இல்லை, எனக்கும் இல்லை, அத்தைக்கு இருக்கலாம், ஆனால் நாங்கள் சொன்னது பொய் என்றேன்.

கீழே இருந்து, "தெரியுங்கம்மா" என்று குரல் வந்தது.

ஊசி என் விரலில் ஏறியது.

"பொறந்தநாள்னா புதுத்துணி போடுவாங்க. சார் பழைய லுங்கியோட இருந்தாரு. நீங்க நைட்டில இருந்தீங்க."

மூன்று வாரம். மூன்று வாரமாக எங்கள் இரண்டு பேரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறாள் இந்தப் பிள்ளை.

"தெரிஞ்சுட்டே எதுக்கு கண்ணு கும்புட்டே?"

"நீங்க ரெண்டு பேரும் ஆசையா பாத்துட்டு இருந்தீங்க. பொய்ன்னு சொன்னா வருத்தமாயிரும்."

பிறகு அவளே கேட்டாள். "அப்ப யாருங்க காசு கட்டுனாங்க?"

"யாரும் கட்டல. நாங்கதான் செஞ்சோம். உனக்குப் புடிக்கும்னு."

"எனக்குப் பொறந்தநாள் ஜனவரிலதானுங்களே."

"பொறந்தநாளெல்லாம் வேண்டாம். உனக்குப் புடிச்சா போதும். உனக்குப் புடிக்கும்னுதான் சார் மூணு நாளு கடையில வேலை பாக்காம அந்த டப்பாவக் கட்டுனாரு."

துணி அடுக்குவது நின்றுபோனது. நான் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் அடுத்த பட்டனை வைத்திருக்க முடியாது. அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அழுதேன், அது எனக்குத் தெரியும்.

கோபமா என்று கேட்டேன். அடுக்கிய துணிகளை மெஷின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள். இரவு சாப்பிட்டுவிட்டு நல்லா இருக்குங்கம்மா என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்கும் எனக்கும் சோறு இறங்கவில்லை. கெடுத்துவிட்டோம் என்றுதான் தோன்றுகிறது.

நாளைக்கு நன்றாகச் செய்ய வேண்டும். அன்னாசி வாங்கி வைத்திருக்கிறேன். மாவு ஊறினால் மெத்தென்று வரும் என்று, இட்லிக்குப்போல இப்போதே பாலும் அன்னாசியும் சேர்த்துக் கரைத்து மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பார்ப்பதற்கு அழகாகத்தான் வந்தது. அன்னாசியை வட்டமாக நறுக்கி மேலே வைத்தேன். ரூபிணி வந்து பழக்கத்தில் நேராக நின்றாள், கை பாதி தூரம் மேலே வந்தது. யார் பேரைச் சொல்வது என்று தெரியாமல் எங்களைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அவர் முதல் வாய் வைத்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. உடனே சரிசெய்துகொண்டு, "பிரமாதம்" என்றார்.

அவள் ஒரு துண்டு பிய்த்துப் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். அந்தச் சொல்லுக்காக நான் காத்திருந்தேன், இந்த ஐந்து வாரமாக எதைச் சமைத்தாலும் வருகிற சொல். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தட்டை மெதுவாக ஒரு விரலால் தள்ளினாள்.

"கசக்குது. எனக்கு வேண்டாம்."

நான் ஒரு துண்டு வாயில் போட்டேன். வேப்பங்கொழுந்து. அன்னாசியைப் பாலில் ஊறவைத்தால் கசந்துபோகும் என்று பாப்பாத்தி அக்கா பிறகு வந்து சொன்னார். முன்னாலேயே சொல்வதற்கு என்ன கேடு.

ஆனால் அப்போது எனக்குக் கசப்பு உறைக்கவே இல்லை. வேண்டாம் என்றாள். என் சமையலைப் பிள்ளை வேண்டாம் என்று சொன்னதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட பொம்பளை உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார், தோள் குலுங்குகிறது. "நானும் அதேதான் நெனச்சேன் அம்மிணி, பயத்துல சொல்லல" என்றார். அவளும் சிரித்தாள். முன்பல் ஒன்று ஆடுகிறது, இன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லாவற்றையும் மாட்டுத் தொட்டியில் கொட்டச் சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டு, ரவா உப்புமா கிண்டினேன். இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 10, வியாழன்

ஆபீசில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரார் பார்ப்பார்களே என்று நான் உதறவில்லை. கேட்கிறவர்கள் என்ன கேட்பார்கள், இவள் என்ன சொல்வாள், பொய் சொன்ன வீடு என்று சொல்லிவிடுவாளோ. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். எங்களுக்காக நூறு வயது கேட்ட பிள்ளையைக் கொடு, அதில் பாதியை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

கதவு திறந்தது. கிருபாவதி மேடம்தான் வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வந்தவர், எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அங்க இருக்க விருப்பமான்னு கேட்டோம். இருக்கேனுங்க, ஆனா ஞாயித்துக்கெழமை அன்னாசி மட்டும் போடக்கூடாதுன்னு அவங்ககிட்ட நீங்க சொல்லுங்கங்கறா."

அவர் பெஞ்சிலிருந்து எழவே இல்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் உள்ளே போய், போடமாட்டேன் என்று அந்த அதிகாரி முன்னால் சத்தியம் செய்து கொடுத்தேன். எழுதிக் கொடுக்கவும் தயாராக இருந்தேன், அவர்கள்தான் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், "அப்பா, தண்ணி" என்றாள். இவர் ஒரு பாட்டில் வாங்கப் போய் மூன்று பாட்டில் வாங்கிவந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

பூவன் பழம்தான் கேட்டாள். பழத்தை அவளே மசித்தாள். டிரான்ஸ்ஃபார்மர் முனக ஆரம்பித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டாள். முதல் வாஃபிளை எடுத்ததும் ஊதி ஊதி நின்றபடியே தின்றாள். இரண்டாவதும் அவளுக்கே. மூன்றாவதற்குத் தட்டை நீட்டினாள். ஆளுக்கு எத்தனை என்று கேட்கவில்லை. ஒருத்தர் வெறுந்தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று அவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "இருங்கப்பா" என்றாள்.

பாப்பாத்தி அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னிக்கு யாருக்கு அம்மிணி பொறந்தநாளு?"

வாய் நிறைய வைத்துக்கொண்டு ரூபிணி சொன்னாள்.

"யாருக்கும் இல்லீங்கத்தை. ஞாயித்துக்கெழமை, அவ்வளவுதான். நீங்க உக்காருங்க, எங்கம்மா சுட்டுத் தருவாங்க."

மாவு தீர்ந்துபோயிருந்தது. மறுபடி கரைத்தேன்.